காத்திருப்பின் கணக்கு

1

1984 ஒலிம்பிக் பந்தயங்களுக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஒரு காரியம் செய்தது. பந்தயங்கள் நடக்கவிருந்த கொலீஸியம் அரங்கைச் சுற்றியிருந்த 118 சாலைச் சந்திப்புகளின் ஸிக்னல் விளக்குகளை ஒரு கம்ப்யூட்டரின் கீழ்க் கொண்டுவந்தது. பந்தயங்கள் முடிந்தன, கம்ப்யூட்டர் தங்கிவிட்டது. அடுத்த முப்பது வருஷங்களில் அந்த ஏற்பாடு வட்டாரம் வட்டாரமாகப் பரவியது. 2013-ல் நகரத்தின் அத்தனை ஸிக்னல்களும், ஏறக்குறைய 4,400, அதற்குள் வந்து சேர்ந்தன. செலவு சுமார் 40 கோடி டாலர். நகர நிர்வாகம் பலனையும் எண்களில் சொன்னது: வாகனங்களின் சராசரி வேகம் 16 சதவீதம் கூடியிருக்கிறது, பெரிய சந்திப்புகளில் தாமதம் 12 சதவீதம் குறைந்திருக்கிறது.

இந்த எண்களை நான் சந்தேகிக்கவில்லை. இலக்கிய விமர்சனம் செய்து பழகியவன் வாக்கியத்தைத்தான் முதலில் பார்ப்பான். 'தாமதம் குறைந்திருக்கிறது.' இதில் எழுவாய் தாமதம். காத்திருந்த ஆள் வாக்கியத்தில் எங்கும் இல்லை. மழை குறைந்தது, காய்ச்சல் குறைந்தது என்பதுபோல, யாருடையதும் அல்லாத ஒரு பொருள் தானாக வடிந்துவிட்டதாக வாக்கியம் சொல்கிறது. ஆனால் தாமதம் அப்படிப்பட்ட பொருள் அல்ல. அது எப்போதும் ஒருவருடையது.

ஒரு மாநகரம் தன் ஸிக்னல்களை மாற்றியமைப்பதைப் பொறியியல் சமாச்சாரமாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். இத்தனை சந்திப்பு, இத்தனை கோடி, இத்தனை சதவீதம் என்று செய்தி வருகிறது. படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். எனக்கு அது நியாயத்தைப் பற்றிய பிரச்னையாகப் படுகிறது. ஸிக்னல் எதையும் உற்பத்தி செய்வதில்லை. ஒருவனுடைய காலத்தை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்கிறது. ஒரு பக்கம் பச்சை எரியவேண்டுமானால் மறு பக்கம் சிவப்பு எரிந்தாக வேண்டும். பங்கீடு என்று வந்துவிட்டால், அது ஒரு நிமிஷமானாலும் ஒரு ஏக்கரானாலும், யாருக்கு எவ்வளவு, எந்த நியாயத்தில் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

யந்திரம் மனிதனை விழுங்குகிறது என்ற பாட்டை நம் புதுக்கவிதை பாடித் தீர்த்துவிட்டது. அதை உரைநடையில் இன்னொரு தடவை பாடுகிற உத்தேசம் எனக்கில்லை. போலீஸ்காரர் கையைக் காட்டி நடத்திய போக்குவரத்தில் நியாயம் கூடுதலாக இருந்தது என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. என் அக்கறை வேறு. ஒரு பழைய யந்திரத்தை எடுத்துவிட்டுப் புதிய யந்திரத்தை வைக்கும்போது, அதோடு ஒரு பழைய நியாயத்தை எடுத்துவிட்டுப் புதிய நியாயத்தையும் வைக்கிறோம். முதல் மாற்றத்துக்கு டெண்டர் விடப்படுகிறது. இரண்டாவது மாற்றம் நடந்ததே யாருக்கும் தெரிவதில்லை.

2

பழைய ஸிக்னலின் குணம் குருட்டுத்தனம். இத்தனை விநாடி பச்சை, இத்தனை விநாடி சிவப்பு என்று முன்கூட்டியே வைத்துவிட்டால், யார் வந்தாலும் வராவிட்டாலும் அது மாறாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆளில்லாத நாற்சந்தியில் ஒருவன் சிவப்புக்கு நிற்கிறான். குறுக்கே ஒரு நாய்கூட வரவில்லை. அவன் யாருக்காக நிற்கிறான்? யாருக்காகவும் இல்லை. விதிக்காக நிற்கிறான். அந்த நிற்றலில் ஒரு அபத்தம் இருக்கிறது. ஒரு கௌரவமும் இருக்கிறது. மந்திரி வந்தாலும் அவனைப் போலத்தான் நிற்கவேண்டும். 'ஏன் என்னை நிறுத்தினாய்?' என்று அந்த விளக்கைக் கேட்பது, 'ஏன் என்மேல் பெய்தாய்?' என்று மழையைக் கேட்பதற்குச் சமானம். தனிப்பட்ட முறையில் அது யாருக்கும் எதுவும் செய்வதில்லை.

புதிய ஸிக்னல் பார்க்கிறது. எந்தப் பக்கம் எத்தனை வாகனம் வருகிறது என்று கணத்துக்குக் கணம் எண்ணி, அதற்கேற்பப் பச்சையை நீட்டுகிறது, குறைக்கிறது, அடுத்த சந்திப்போடு இணைக்கிறது. நள்ளிரவில் வந்தவனை அது நிறுத்தாது. இது லாபம்தான். ஆனால் பகலில் அது ஒருவனை நிறுத்தினால், அந்த நிறுத்தம் பொதுவானது அல்ல. இந்தக் கணத்தில், இந்தப் பக்கத்தைவிட அந்தப் பக்கம் முக்கியம் என்று தீர்மானித்து நிறுத்தியிருக்கிறது. அவன் இப்போது நிற்பது விதிக்காக அல்ல, ஒரு கணக்குக்காக. சட்டம் இருந்த இடத்தில் நிர்வாகம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று சொல்லலாம். சட்டத்தின் முன் எல்லோரும் சமம், ஏனென்றால் அது யாரையும் பார்ப்பதில்லை. நிர்வாகம் ஒவ்வொருவரையும் பார்க்கிறது. அதனாலேயே அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அநியாயம் செய்ய வல்லது.

நீதிதேவதையின் கண்கட்டு ஞாபகத்துக்கு வருகிறது. நம் உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் நூலகத்தில் கண்கட்டு இல்லாத ஒரு புதிய சிலை வைக்கப்பட்ட செய்தி 2024 அக்டோபரில் வந்தது. நீதி குருடல்ல, எல்லோரையும் சமமாகப் பார்க்கிறது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். விளக்கம் சரிதான். ஆனால் கட்டை அவிழ்ப்பது சுலபம்; சமமாகப் பார்ப்பது வேறு வேலை.

பழைய விளக்கை இப்படிப் பேசிக்கொண்டே போனால் அதைப் புனிதமாக்கிவிடும் அபாயம் இருக்கிறது. அதன் குருட்டுத்தனம் பிறவிக் குருடு அல்ல. இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிற வெப்ஸ்டரின் ஆய்வு 1958-ல் பிரிட்டனில் வெளிவந்தது. நிலையான கால அளவு உடைய ஸிக்னலுக்குப் பச்சையை எப்படிப் பங்கிடுவது என்பது அதன் விஷயம். ஒவ்வொரு பக்கத்தின் வாகனச் சுமைக்கு ஏற்ற விகிதத்தில் பங்கிடு என்பது சுருக்கமாக அதன் விடை. அதாவது யாரோ ஒருநாள் தெருமுனையில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு மூடிக்கொண்ட கண் அது. எண்ணிய நாளின் ஏற்றத்தாழ்வு அப்படியே உறைந்து வருஷக்கணக்கில் விதியாக நின்றது. விதியின் கௌரவத்துக்கு அடியில் ஒரு பழைய கணக்கு இருந்தது.

ஆகவே கம்ப்யூட்டர் கணக்கைப் புதிதாகக் கொண்டுவரவில்லை. மூடியிருந்த கண்ணை நிரந்தரமாகத் திறந்துவைத்தது. வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. பார்க்க இயலாதவன் ஒன்றைக் காணாமல் விட்டால் அது அவன் குற்றமில்லை. பார்க்க இயன்றவன் எதைக் காணாமல் விடுகிறான் என்பது அவனுடைய தேர்வு. கண் கிடைத்த கணத்திலிருந்து சாக்கு போய்விடுகிறது.

யாருடைய தேர்வு, யந்திரத்துக்கு ஏது தேர்வு என்று கேட்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸிலேயே இதற்கு ஒரு பதில் கிடைத்தது. 2006 ஆகஸ்டில், தொழிற்சங்கத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயத்தில், நகரத்தின் போக்குவரத்துப் பொறியாளர்கள் இருவர் அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து நான்கு சந்திப்புகளின் ஸிக்னல்களைக் குலைத்தார்கள். விபத்து எதுவும் நேரவில்லை. நெரிசல் மட்டும் ஏற்பட்டது. எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப நாலு நாள் பிடித்தது. பின்னால் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். செய்தது தவறு. ஆனால் அந்த நாலு நாள்தான், விளக்குகளுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் ஒரு அதிகாரம் இருக்கிறது என்பது நகரத்துக்குத் தெரிந்தது. ஒழுங்காக வேலை நடந்த மற்ற நாட்களிலும் அதே அதிகாரம்தான் வேலை செய்தது. ஒழுங்காக நடந்ததால் அது கண்ணில் படவில்லை.

3

புதிய கண் எதைப் பார்க்கிறது?

சாலைத் தளத்தை அறுத்து உள்ளே கம்பிச் சுருளைப் புதைக்கிறார்கள். அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். மேலே பெரிய உலோகப் பொருள் ஒன்று வந்து நின்றால் சுருளின் மின்காந்தக் குணம் சற்று மாறும். அந்த மாற்றத்தைப் பெட்டி குறித்துக்கொண்டு 'ஒன்று' என்று எண்ணும். கார் வந்தால் எண்ணும். சைக்கிள் வந்தால், சுருளின் அமைப்பையும் சைக்கிள் நிற்கும் இடத்தையும் பொறுத்து, எண்ணினாலும் எண்ணும். கால்நடையாக வருகிறவனை எண்ணாது. இரும்புக்குத் தெரிகிற கண், உடம்புக்குத் தெரியாது. நடந்து வருபவன் தான் வந்திருப்பதை ஒரு பொத்தானை அழுத்திச் சொல்லவேண்டும். காருக்கு இருப்பே போதுமான விண்ணப்பம். மனிதன் தனியாக மனுப் போட வேண்டும்.

பார்த்ததை எண்ணாக்கும் இடம் இன்னும் சுவாரசியமானது. சாலையில் வருபவை பலவிதம். எல்லாவற்றையும் ஒரே கூட்டலில் சேர்க்க ஒரு பொது அலகு வேண்டும். பொறியாளர்கள் கண்டுபிடித்த அலகு கார். ஒரு கார் ஒன்று. மற்றதெல்லாம் இத்தனை காருக்குச் சமம். பிரிட்டிஷ் கணக்கில் சைக்கிள் ஒரு காரில் ஐந்தில் ஒரு பங்கு. பஸ் ஏறக்குறைய இரண்டு கார். எந்த வாகனம் சாலையில் எவ்வளவு இடத்தையும் நேரத்தையும் அடைத்துக்கொள்கிறது என்பதை அளக்க இந்த அலகு ஏற்பட்டது. அந்தக் காரியத்துக்கு அது சரியான அளவுதான். சந்திப்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமல்லவா? ஆனால் கொள்ளளவைக் கணக்கிட ஏற்பட்ட அலகு, கணக்கின் அடுத்த வரியில் முக்கியத்துவத்தின் அலகாகிவிடுகிறது. பச்சை எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கும்போது, அறுபது பேரைச் சுமந்து வருகிற பஸ் இரண்டு காருக்குச் சமானம். அந்த இரண்டு காரிலும் ஒவ்வொருவர் இருக்கலாம். அறுபது பேருடைய காத்திருப்பும் இரண்டு பேருடைய காத்திருப்பும் ஒரே எடை. நடப்பவனுக்கு எடையே இல்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் குறைக்க முயல்வது ஒரு கூட்டுத்தொகையை. 1960-களின் இறுதியில் பிரிட்டனில் உருவான முறைகளிலிருந்து இதுதான் வழக்கம்: வாகனங்களின் மொத்தத் தாமதத்தையும் அவை நின்று நின்று புறப்படும் தடவைகளையும் தக்க எடையிட்டுச் சேர்த்து, அந்தத் தொகை எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைப்பது.

அதிக பேருக்கு அதிக நன்மை என்ற பழைய பயன்வாதத் தத்துவம் தெருமுனையில் கம்பத்தில் ஏறி நிற்கிறது என்று சொல்லத் தோன்றும். பெந்தாமுக்கு அது அவமரியாதை. அவருடைய மரபில் ஆளுக்கு ஒரு ஓட்டு மாதிரி ஆளுக்கு ஒரு எண் உண்டு. பிரபுவின் வலியும் வண்டிக்காரனின் வலியும் தராசில் ஒரே எடை. இங்கே அந்த அடிப்படை நேர்மையே இல்லை. கூட்டல் என்ற முறையைக் குறை சொல்வதற்கு முன்னால், கூட்டப்படுவது ஆட்கள்தானா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

இதைத் திருத்த முடியும், திருத்தியும் இருக்கிறார்கள். அதே லாஸ் ஏஞ்சல்ஸில் 2000 ஜூனில் மெட்ரோ ராபிட் என்ற பஸ் சேவை தொடங்கியபோது, பஸ்களில் தம்மை அறிவிக்கும் கருவியைப் பொருத்தி, அவை நெருங்கி வந்தால் பச்சை சில விநாடிகள் நீளும்படி செய்தார்கள். பஸ்ஸும் வாய் திறந்து பேசத் தொடங்கியது. இப்போது கேமராவும் ராடாரும் வந்துவிட்டன. அவற்றுக்கு நடப்பவனும் சைக்கிள்காரனும் தெரிவார்கள். ஆகவே கண்ணின் குறை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரையும் பார்த்து, ஆளுக்கு ஒன்று என்று எண்ணுகிற ஸிக்னல் நாளைக்கே வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது நியாயம் கிடைத்துவிடுமா?

4

ஒரு உதாரணம். பிரதான சாலையில் நாற்பது பேர் வருகிறார்கள். கிளைத் தெருவில் ஒருவர் நிற்கிறார். அவரை எழுபது விநாடி காக்கவைத்தால், அந்த நாற்பது பேருக்கும் ஆளுக்கு இரண்டு விநாடி மிச்சம். நாற்பது இரண்டு எண்பது. எண்பதில் எழுபது போனால் பத்து விநாடி நிகர லாபம். நேர்மையான கூட்டல்தான், ஆளுக்கு ஒன்று. அவரைக் காக்க வைப்பதே சரி என்று கணக்கு சொல்கிறது.

ஆனால் அந்த இரண்டு விநாடியை நாற்பது பேரில் ஒருவர்கூட உணரப்போவதில்லை. எழுபது விநாடியை ஒருவர் முழுசாக உணர்கிறார். யாரும் அநுபவிக்காத ஒரு லாபத்துக்காக ஒருவர் அநுபவிக்கிற நஷ்டம் நியாயமாகிறது. எண்பது விநாடி என்ற லாபம் எங்கே இருக்கிறது? காகிதத்தில் இருக்கிறது. உலகத்தில் அப்படி ஒரு எண்பது விநாடியைப் பெற்றவர் யாரும் இல்லை.

வங்கியில் கவுண்டருக்கு உட்புறம் உட்கார்ந்து பிழைப்பவனுக்கு இதில் ஒரு விஷயம் உறுத்தும். ஒருவர் கணக்கில் பற்று எழுதி, அதே தொகையை இன்னும் நாற்பது பேர் கணக்கில் சில்லறை சில்லறையாக வரவு வைத்தால், சாயங்காலம் கூட்டுத்தொகை ஒரு பைசா பிசகாமல் டேலி ஆகும். டேலி ஆகிவிட்டது என்பதால் அது நியாயமான காரியம் ஆகிவிடாது. அது மோசடி. கூட்டுத்தொகைக்கு அது தெரியாது. அது தெரிவதற்கு லெட்ஜரின் தனித்தனிப் பக்கங்களைப் புரட்டவேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் லெட்ஜரின் ஆதார விதி. பயன்வாதம் மனிதர்கள் தனித்தனியானவர்கள் என்பதை முக்கியமாக எடுத்துக்கொள்வதில்லை என்று ஜான் ரால்ஸ் 1971-ல் வெளிவந்த தம் நீதிக் கோட்பாட்டு நூலில் வாதிட்டார். ஒருவன் இன்றைய சுகத்தை விட்டு நாளைய சுகத்தைத் தேடுவது விவேகம், ஏனென்றால் இழப்பவனும் பெறுபவனும் அவனே. ஒருவன் இழந்து இன்னொருவன் பெறுவதை அதே விவேகத்தால் நியாயப்படுத்த முடியாது.

பயன்வாதியிடம் இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அழுகுணி ஆட்டம் ஆடியவன் ஆவேன். இன்று கிளைத் தெருவில் காத்திருப்பவர் நாளை பிரதான சாலையில் வருவார். இங்கே இழந்ததை அங்கே பெறுவார். வருஷம் முழுவதையும் பார்த்தால் கூட்டுத்தொகை குறைந்ததில் அவருக்கும் பங்கு கிடைத்திருக்கும். ஆக, பற்றும் வரவும் கடைசியில் ஒரே பக்கத்தில்தான் ஏறுகின்றன.

காரில் ஊர் முழுக்கச் சுற்றுகிறவருக்கு இது உண்மை. எப்போதும் ஒரே சாலையை ஒரே இடத்தில் கால்நடையாகக் கடப்பவருக்கு உண்மையல்ல. அவர் ஒருநாளும் அந்த நாற்பதில் ஒருவராக ஆகப்போவதில்லை. அவர் பக்கத்தில் பற்று மட்டுமே ஏறிக்கொண்டிருக்கிறது. சராசரி என்பது இரண்டு பக்கமும் போய்வரக் கூடியவர்களுக்கு மட்டும் ஆறுதல். ஒரே பக்கத்தில் நிலையாக நிற்கிறவர்களுக்கு அது வேறு யாருடைய கணக்கோ.

கால்நடையாகக் கடப்பவர்களையும் ஒரு சராசரி மனிதனாகத்தான் முதலில் எண்ணினார்கள். ஒருவர் சாலையைக் கடக்க எத்தனை விநாடி கொடுப்பது? அமெரிக்காவின் தேசிய விதித்தொகுப்பு அவர் விநாடிக்கு 4 அடி நடப்பார் என்று எடுத்துக்கொண்டிருந்தது. 2009 பதிப்பில் அதை மூன்றரை அடியாகக் குறைத்தார்கள். அரை அடி. 12 அடி அகலமுள்ள ஏழு தடங்களைக் கொண்ட சாலை 84 அடி. பழைய விதிப்படி அதைக் கடக்க 21 விநாடி. புதிய விதிப்படி 24. நடுவில் இருக்கிற மூன்று விநாடியில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பெண், முழங்கால் தேய்ந்தவர், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர். 2009 வரை விதியைப் பொறுத்தமட்டில் இவர்கள் மெதுவாக நடப்பவர்கள் அல்ல, பிழையாக நடப்பவர்கள். விளக்கு மாறியபோது இவர்கள் இன்னும் சாலையில் இருந்தார்கள் என்றால் தவறு இவர்களுடைய கால்களில் இருந்தது. ஒரு எண்ணை மாற்றியதும் தவறு கால்களிலிருந்து விளக்குக்குப் போய்விட்டது. அந்த மூன்று விநாடி காரில் இருப்பவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இலவசமாக எதுவும் வருவதில்லை. ஆனால் மொத்தத் தொகையை மட்டும் கேட்டிருந்தால் அது இந்த மாற்றத்தை ஒருபோதும் சொல்லியிருக்காது. தனித்தனிப் பக்கத்தை யாரோ புரட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்பதல்ல என் வாதம். அறுபது பேர் இருக்கிற பஸ்ஸை ஒருவருக்காக நிறுத்துவதா என்று கேட்டால், சில விநாடிகளுக்கு நிறுத்தலாம், ஐந்து நிமிஷத்துக்கு நிறுத்தக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். எண்ணிக்கை பேசட்டும். ஆனால் அது பேசுவதற்கு ஒரு எல்லை வேண்டும்: எத்தனை பேருடைய லாபத்துக்காகவும் எந்த ஒருவரையும் இதற்கு மேல் காக்கவைப்பதில்லை என்ற எல்லை. அந்த எல்லைக்கு உள்ளே கூட்டல் வேலை செய்யலாம். எல்லையைக் கூட்டலிடம் கேட்டு வாங்க முடியாது. அது வேறொரு இடத்திலிருந்து வரவேண்டும்.

5

எந்த இடத்திலிருந்து?

ஸூரிக் நகரத்தின் கதை இங்கே உதவும். 1973-ல் அந்நகர மக்கள் சுரங்க ரயில் திட்டத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். 1977-ல் மீண்டும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. தரைமேல் ஓடுகிற டிராம்களையும் பஸ்களையும் விரைவுபடுத்த 20 கோடி பிராங்க் செலவிட ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் ஸிக்னல்களை மாற்றியமைத்தார்கள். டிராம் வருவதைச் சுருள்கள் கண்டுகொள்ளும். அது சந்திப்பை அடையும்போது பச்சை காத்திருக்கும். மையத்துக்குள் ஒரே சமயத்தில் எத்தனை கார் நுழையலாம் என்பதையும் விளிம்பிலுள்ள ஸிக்னல்கள் கட்டுப்படுத்துகின்றன. அதே கம்பிச் சுருள், அதே மாதிரிக் கம்ப்யூட்டர். வேறுபட்டது அதற்குச் சொல்லப்பட்ட விஷயம். அங்கே யார் காத்திருப்பது என்ற கேள்வி முதலில் மக்களிடம் போயிற்று; பிறகுதான் பொறியாளரிடம் வந்தது. காரில் இருப்பவர் ஸூரிக்கில் காத்திருக்கிறார். அது அவருக்கு நியாயமாகப் படாமல் இருக்கலாம். ஆனால் அவரும் ஓட்டுப் போடக்கூடியவராக இருந்த ஒரு முடிவின் பேரில் அது நடக்கிறது. தெரியாமல் செய்யப்பட்ட பங்கீட்டைவிட, கேட்டுச் செய்யப்பட்ட பங்கீடு மேலானது.

ஆனால் இதையும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வாக்கெடுப்பும் ஒருவகைக் கூட்டல்தான். சிறுபான்மையினர் அதிலும் தோற்பார்கள்.

பொத்தானுக்குத் திரும்ப வேண்டும். முதல் போக்குவரத்து விளக்கு 1868 டிசம்பரில் லண்டனில், பார்லிமெண்டுக்கு அருகில், ஜே. பி. நைட் என்ற ரயில்வேப் பொறியாளரின் யோசனைப்படி நடப்பட்டது. பகலில் கைகாட்டி, இரவில் காஸ் விளக்கு. அது வண்டிகளுக்கும் வண்டிகளுக்கும் இடையே நடுவராக நிற்கவில்லை. நடந்து கடப்பவர்களுக்காக வண்டிகளை நிறுத்துவதே அதன் வேலை. அடுத்த மாதமே காஸ் கசிந்து வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரர் காயமடைந்தார். அந்த விளக்கு யாருக்காகப் பிறந்ததோ, அவர் நூறு வருஷத்துக்குள் அதனிடம் பொத்தானை அழுத்தி விண்ணப்பிக்கிறவர் ஆகிவிட்டார்.

நியூயார்க்கில் இது வேறொரு ரூபம் எடுத்தது. அந்நகரத்தில் இருந்த 3,250 பொத்தான்களில் 2,500-க்கு மேற்பட்டவை கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வந்த பிறகு செயலற்றுப்போனவை என்று 2004-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. எடுக்கச் செலவாகும் என்று அப்படியே விட்டிருந்தார்கள். ஜனங்கள் அழுத்திக்கொண்டிருந்தார்கள். இதைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குக் காப்கா ஞாபகம் வரும். விண்ணப்பம் போய்ச் சேராத அலுவலகம் என்று ஒரு கவிதையும் எழுதிவிடுவோம். ஆனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் விஷயம் தலைகீழ். அந்தப் பொத்தான்கள் செத்துப்போனதற்குக் காரணம், அங்கெல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் நடப்பவருக்கு வழி தானாகவே வந்துகொண்டிருந்தது. கேட்கவேண்டிய அவசியமே இல்லை. பொத்தான் பொய், கிடைத்த வழி உண்மை. பொத்தான் வேலை செய்கிற ஊரில்தான், அழுத்த மறந்தவர், அழுத்தத் தெரியாதவர், அழுத்தக் கை எட்டாதவர் நின்றுகொண்டே இருக்கிறார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பொத்தான் வேலை செய்கிற ஊர். அங்கே ஆசாரமான யூதர்கள் வசிக்கிற பகுதிகள் உண்டு. வெள்ளிக்கிழமை அஸ்தமனத்திலிருந்து சனிக்கிழமை இரவு வரை ஸப்பாத். அந்த நேரத்தில் மின்கருவி எதையும் இயக்குவது அவர்களுக்கு விலக்கு. பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தாவிட்டால் நடக்கும் அடையாளம் வராது. ஜெப ஆலயத்துக்கு நடந்தே போகவேண்டும். நகரம் இதற்கு ஒரு வழி செய்தது. அந்தப் பகுதிகளின் சில சந்திப்புகளில், அந்த நேரம் முழுவதும், யாரும் அழுத்தாமலே ஒவ்வொரு சுற்றிலும் நடப்பவருக்கு அடையாளம் வரும்படி கம்ப்யூட்டரில் எழுதிவைத்தார்கள். 2020-ல் கொரோனாக் காலத்தில், பொத்தானைத் தொடுவதே ஆபத்து என்ற பயம் வந்தபோது, சிட்னி நகரின் மையத்திலும் இதையே செய்தார்கள். ஒரு இடத்தில் மதம், ஒரு இடத்தில் வியாதி. நியாயம் என்ற ஒரே காரணத்துக்காகச் செய்திருக்கலாம் என்று தோன்றினால், அது நம் காலத்துக்கு அதிகப்படியான எதிர்பார்ப்பாக இருக்கலாம்.

ஸப்பாத் ஏற்பாட்டில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்று உண்டு. அந்த நேரத்தில் விளக்கு யாரையும் பார்ப்பதில்லை. கேமராவின் குறி இல்லை, சுருளின் சமிக்ஞை இல்லை, விரலின் விண்ணப்பம் இல்லை. அங்கே ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு வழி விடுகிறது. பெரும்பாலான சுற்றுகளில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். காலியான சாலையைப் பார்த்துக்கொண்டு கார்கள் நிற்கும். கூட்டுத்தொகையின் பாஷையில் இது சுத்த விரயம்.

எல்லோரையும் பார்க்கிற கண்ணுக்காக நாம் இப்போது ஏங்குகிறோம். கேமரா வந்தால் நடப்பவனும் எண்ணப்படுவான் என்பது அந்த ஏக்கத்தின் நியாயமான பக்கம். எண்ணப்படுவதற்கு அவன் முதலில் கண்காணிக்கப்பட வேண்டும் என்பது அதன் மறுபக்கம். தான் இருப்பதை ஓயாமல் நிரூபித்தால்தான் தன் பங்கு கிடைக்கும் என்றால், அது பங்கு அல்ல, சன்மானம். பழைய குருட்டு விளக்குக்குத் திரும்பிப் போக முடியாது. அதன் குருட்டுத்தனமும் சுத்தமாக இருக்கவில்லை. ஆனால் பார்க்கிற சக்தி வந்த பிறகும், சில இடங்களில் பார்க்காமலே கொடுப்பது என்று ஒரு நகரம் தீர்மானிக்க முடியும். அதற்குக் கூடுதலாக ஒரு கம்பியோ கருவியோ வேண்டியதில்லை. அங்கே யாரும் இல்லாமல் போனாலும் நஷ்டமில்லை என்று சில விநாடிகளை எழுதித் தள்ளவேண்டும். எங்கே, எத்தனை விநாடி என்பதை டெண்டர் தாளில் எழுதுவதற்கு முன்னால் யாராவது உட்கார்ந்து பேசவேண்டும். பேசுகிற இடத்தில், ஒருநாளும் கார் ஓட்டப்போகாத ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.